ஒரே ஒரு அந்தேவாசி

ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்
14-9-1998

பனவிளை சற்குணம் அண்ணன் அவர்களுக்கு, தங்கை தாசம்மாள் ஸ்தோத்திரம் சொல்லி எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் இவரும் சுகம். இவருக்குச் சாலைக் கடைத்தெருவில் அதே இரும்புக்கடைதான். பகலெல்லாம் ஆணியை எடை போட்டுவிட்டு வந்து என் குழம்பில் மீனையும் எடை போடுகிறார். உங்கள் இருமல் எப்படி? மைனி முட்டுவலிக்கு அந்தத் தைலத்தைத் தேய்க்கிறார்களா, மணம் பொறுக்காமல் உங்கள் தலையில் தேய்த்துவிட்டார்களா?

ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். சிரிப்பதானால் சத்தமில்லாமல் சிரிக்கவும்.

நான் சமைக்கிற கூடத்தைப் பற்றி உங்களுக்குத் தெரியும். நடக்க முடியாதவர்கள், கண் தெரியாதவர்கள் என்று பதினொரு பெண்கள் காலையில் வருவார்கள். மெழுகுதிரி செய்வார்கள், தைப்பார்கள், யார் கையையும் பிடிக்காமல் பஸ் ஏறவும் அடுப்புப் பற்றவைக்கவும் பழகுவார்கள், சாயங்காலம் போவார்கள். நடத்துகிறவள் சுப்புலக்ஷ்மி. இந்த அக்கிரகாரத்துப் பெண்தான். கால் போலியோ, படிப்பு எம்.ஏ., நாக்கு அதற்கும் மேலே. வீட்டுச் சொந்தக்காரர் அழகியநம்பி சுவாமி, வருகிற ஏப்ரலிலிருந்து சரியான வாடகை தாருங்கள், இல்லையென்றால் ஒழித்துக்கொடுங்கள் என்று சொல்லிவிட்டார். இந்த மாதிரிக் கூடங்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை தருகிறது என்று கேள்விப்பட்டு விண்ணப்பத் தாள் வாங்கி வைத்திருந்தோம். அதை நிரப்பிக் கொடுக்க வேண்டிய கடைசி நாளன்று சுப்புலக்ஷ்மி ஆஸ்பத்திரியில் காலில் கத்தி வைத்துக்கொண்டு கிடந்தாள். நான் நிரப்பினேன்.

தாள் முழுக்க மலையாளம். எனக்கு மலையாளம் பேச வரும், சண்டை போட இன்னும் நன்றாக வரும். வாசிக்கத்தான் எழுத்துக் கூட்ட வேண்டும். முதலில் 'அங்கங்கள் எத்தனை' என்று இருந்தது. ஐயோ, ஒவ்வொருத்தியின் கைகாலையும் எண்ணுகிறார்களே என்று திகைத்துப்போனேன். பக்கத்துப் பையன்தான் அங்கம் என்றால் ஆள் என்றான். பதினொன்று எழுதினேன். அதன் கீழே 'அந்தேவாசிகள்' என்று இருந்தது. பையன் போய்விட்டான். நான் கூட்டியதில் அந்தியவாசி என்று வந்தது. அந்தியம் என்றால் நமக்குச் சாவுதானே. அந்தியகாலம்வரை இங்கேயே வாசம்பண்ணிப் போனவர்களைக் கேட்கிறார்கள், அரசாங்கத்துக்கும் இப்படி ஒரு இரக்கமா என்று கண்கூட நனைந்தது. ஒரே ஒரு பெயர் எழுதினேன். இங்கேயே இருந்து இங்கேயே கண்மூடின நம்முடைய ஞானப்பூவின் பெயர்.

சுப்புலக்ஷ்மி திரும்பி வந்து நகலைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "தாசம்மாக்கா, என்ன காரியம் பண்ணியிருக்கேள்! அந்தேவாசின்னா இங்கேயே தங்கியிருக்கறவா. உசிரோட!"

இப்போது உத்தரவு வந்துவிட்டது, அண்ணா. பகலில் வந்துபோகிற ஆட்களுக்கு மட்டுமானால் கிடைக்காதாம். ஒரு அந்தேவாசியாவது இருக்கிற இடத்துக்குத்தான் உண்டாம். ஆறு மாதத்துக்கு முன்னால் செத்துப்போன நம் தங்கை இங்கே இருப்பதாகக் கண்டு, அவளை நம்பி அரசாங்கம் தந்திருக்கிறது.

சுப்புலக்ஷ்மி, தப்பை ஒத்துக்கொண்டு, மாடம்மாள் என்ற கண் தெரியாத பெண்ணை அந்த இடத்தில் தங்கவைக்கலாம் என்கிறாள். அதற்கு ஆபீசில் ஒரு காகிதம் கேட்கிறார்கள். ஞானப்பூவின் பெயர் இன்னமும் உங்கள் ரேஷன் கார்டில்தான் இருக்கிறது. ஆகவே குடும்பத்தலைவர், இன்னார் இன்ன தேதியில் இறந்தார் என்று தன் கையால் எழுதித் தரவேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் தராவிட்டால் எல்லாம் திரும்பிப் போய்விடும். ஒரு வரி போதும்.

மைனிக்கு என் அன்பு. உங்கள் தங்கை,
தாசம்மாள்


பனவிளை
5-10-1998

அன்புத் தங்கை தாசம்மாளுக்கு சற்குணம் எழுதுவது. நாங்கள் நலம். நீயும் மாப்பிள்ளை ஞானையனும் நலமாக இருக்க ஜெபிக்கிறோம்.

மழை ஓயவில்லை. ரப்பர் வெட்டு நின்று இரண்டு வாரம் ஆகிறது. கோயிலில் அறுப்பின் பண்டிகை நன்றாக நடந்தது. நம் வீட்டிலிருந்து ஏலத்துக்கு ஒரு சேனைக்கிழங்கு கொடுத்தோம், பன்னிரண்டு கிலோ. இருமல் கொஞ்சம் பரவாயில்லை. உன் மைனி அந்தத் தைலத்தை விட்டுவிட்டாள்.

நீ கேட்ட காரியம் பிறகு.

இப்படிக்கு அண்ணன்,
ச.


ஸ்ரீவராகம்
28-10-1998

அன்புள்ள அண்ணனுக்கு, சேனைக்கிழங்கு சுகமாக ஏலம்போனது கேட்டு மிகவும் சந்தோஷம். இங்கே எல்லாரும் அதனுடைய தேக சுகத்தை விசாரித்தார்கள்.

கோபிக்க வேண்டாம். உங்களைக் கேலி செய்யாமல் எனக்குக் கடிதம் முடியாது என்பது உங்களுக்கே தெரியும்.

போன வாரம் அரசாங்க வண்டியில் ஒரு இரும்புக் கட்டில், ஒரு மெத்தை, ஒரு தட்டு, ஒரு டம்ளர் வந்து இறங்கியது. கட்டிலின் கால்மாட்டில் வெள்ளைப் பெயின்ட்டில் மலையாளத்தில் அவள் பெயர் எழுதியிருக்கிறது. இந்த எழுத்தை மட்டும் நான் கூட்டாமலே வாசித்துவிட்டேன். முப்பத்தேழு வருஷம் பனவிளையில் அவளுக்கென்று ஒரு தட்டு தனியாக இருந்ததா என்று யோசித்துப் பார்த்தேன். இருந்தது, நீலப்பூ போட்டது. நீங்கள்தான் மார்த்தாண்டம் சந்தையிலிருந்து வாங்கி வந்தீர்கள். அதையும் சொல்லிவிடுகிறேன்.

கட்டிலில் யாரும் உட்காரமாட்டேன் என்கிறார்கள். மாடம்மாள் மட்டும் தடவிப் பார்த்துவிட்டு, "எக்கா, மெத்தையில நடுவில குழி விழுந்திருக்கே, ஆரு படுத்தா?" என்று கேட்டாள். புது மெத்தை, அண்ணா. வண்டியில் சுருட்டிக் கட்டிக் கொண்டுவந்ததால் விழுந்த குழியாக இருக்கும். நான் அப்படித்தான் சொன்னேன். எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். அதற்குப் பிறகு அந்த அறைக்குள் போகிறவர்கள் வாசலில் தொண்டையைக் கனைத்துவிட்டுப் போகிறார்கள்.

கூடவே ஒரு வருகைப் பதிவேடு. அந்தேவாசி தினமும் கையெழுத்தோ கைரேகையோ வைக்கவேண்டும். பெயர் மாறுகிறவரை அந்த இடம் காலியாகக் கிடந்தால் வீட்டைப் பூட்டிவிட்டதாக அர்த்தமாம். உங்கள் ஒரு வரி வந்தால் தீர்ந்தது.

'பிறகு' என்று எழுதினீர்களே, அந்தப் பிறகு எந்த மாதத்தில் வரும்?

மைனியின் முட்டுக்கு முத்தம். உங்கள்,
தாசம்மாள்


பனவிளை
2-12-1998

அன்புத் தங்கைக்கு, இங்கே யாவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஜெபிக்கிறோம்.

சபைக் கமிட்டியில் இருபத்திரண்டு வருஷமாக இருக்கிறேன். கண்ணால் காணாததற்குக் கையெழுத்து வைத்ததில்லை. நீ கேட்பது, நான் பார்க்காத ஒரு காரியத்துக்கு நான் சாட்சி எழுத வேண்டும் என்பது.

போன மார்ச்சில் நீ போட்ட கார்டு என் வேதப்புத்தகத்தில் இருக்கிறது. அதில் நீ போட்ட தேதி பன்னிரண்டு. தபால் முத்திரை பதினாலு. எனக்குக் கிடைத்தது பதினாறு. அதற்குள் மண்ணும் போட்டாயிற்று. காய்ச்சல் என்று எழுதியிருக்கிறாய். எத்தனை நாள் காய்ச்சல் என்று எழுதவில்லை.

எத்தனை நாள் காய்ச்சல்?

களியக்காவிளையில் ஒரு பஸ் மாறினால் உங்கள் ஊர்த் தம்பானூர் பஸ் நிலையம். இரண்டு மணி நேரம்.

அண்ணன்,
ச.


ஸ்ரீவராகம்
20-12-1998

அன்பான அண்ணனுக்கும் மைனிக்கும் கிறிஸ்மஸ் வாழ்த்து. உங்கள் வீட்டு நட்சத்திரம் இந்த வருஷமாவது எரிகிறதா? போன தடவை பல்பு போட மறந்து வெறும் காகிதத்தைத் தொங்கவிட்டு, ஞானிகள் வழிதவறிப் பாறசாலைக்குப் போய்விட்டார்கள்.

எத்தனை நாள் காய்ச்சல் என்று கேட்டிருந்தீர்கள். நாளெண்ண நான் என்ன காலண்டரா? நாலாம் வகுப்போடு கணக்கை விட்டவள்.

அதைவிட ஒரு விசேஷம் சொல்கிறேன். அந்தப் பதிவேட்டில் நவம்பர் முதல் தேதியிலிருந்து நான் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டிருந்தேன். சுப்புலக்ஷ்மிக்குத் தெரியாது. தப்புதான். அவள் பெயருக்கு நேரே என் விரலை அழுத்தும்போதெல்லாம், சின்ன வயதில் அவள் தட்டிலிருந்து மீன் திருடித் தின்ற மாதிரியே இருந்தது. ஒரு வாரத்துக்குமேல் மனசு கேட்கவில்லை. எட்டாம் தேதி வைக்கவில்லை.

ஒன்பதாம் தேதி காலையில் போய்ப் பார்த்தால், எட்டாம் தேதிக் கட்டத்தில் ஒரு ரேகை இருக்கிறது. சின்ன ரேகை. பத்தாம் தேதியும் இருந்தது. இன்றுவரை ஒரு நாள் தவறவில்லை.

சுப்புலக்ஷ்மியிடம் காட்டினேன். அவள் பதிவேட்டை மூடிவைத்துவிட்டு, "யார்னு விசாரிக்கட்டுமா தாசம்மாக்கா?" என்றாள். நான் வேண்டாமென்றேன். விசாரித்தால் யாராவது ஒருத்தி நான்தான் என்று சொல்லிவிடுவாள். இல்லையென்றால் பதினொரு பேரும் நானில்லை என்று சொல்லிவிடுவார்கள். இரண்டில் எதுவும் எனக்கு வேண்டாம்.

இவர் உங்களுக்கு ஒரு நல்ல அரிவாள் எடுத்துவைத்திருக்கிறார். வந்தால் வாங்கிக்கொண்டு போகலாம்.

உங்கள்,
தாசம்மாள்


ஸ்ரீவராகம்
25-1-1999

அன்புள்ள அண்ணனுக்கு, சுகம், சுகமறிய ஆவல். கிறிஸ்மசுக்கும் பதில் இல்லை, புது வருஷத்துக்கும் இல்லை. தபால்காரர் எங்கள் தெருவுக்கு வரும்போதே "இல்லா, இல்லா" என்று கையை ஆட்டிக்கொண்டு வருகிறார். என்னைக் காதல் கடிதத்துக்குக் காத்திருக்கிறவள் என்று நினைத்துக்கொண்டார் போல.

உதவித்தொகையில் முதல் தவணை வந்து, வாசல் படியை உடைத்துச் சரிவுபாதை போட்டாயிற்று. இரண்டு பக்கமும் இரும்புக் கைப்பிடி. சுப்புலக்ஷ்மி சக்கர நாற்காலியில் தானாகவே தெருவுக்கு இறங்கிப் போய் ஒரு கட்டு முருங்கைக்கீரை வாங்கிவந்தாள். பாதிக்குமேல் முற்றல். நான் ஒன்றும் சொல்லாமல் சமைத்தேன். அது அவள் வாழ்க்கையில் தானே போய் வாங்கிய முதல் கீரை.

போன வியாழக்கிழமை ஆபீசிலிருந்து ஜெயன் சார் பார்வையிட வந்தார். இளவயது, நல்ல முகம், பாறசாலைக்காரர், நம்மைப்போலத் தமிழும் மலையாளமும் கலந்துதான் பேசுவார். எல்லாம் பார்த்துவிட்டு, "அம்மச்சி, அந்தேவாசியைக் காணணுமல்லோ, ஆளு எங்க?" என்றார்.

"கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருக்கா, சாரே."

"ஓ, சொந்தக்காரங்க ஆராவது மரிச்சா? எப்ப வரும்?"

"அது கர்த்தருக்குத்தான் அறியும்."

அவர் சிரித்துவிட்டு, மார்ச் இருபத்தொன்பதாம் தேதி திரும்ப வருகிறேன், அன்றைக்குக் கண்டிப்பாக ஆள் இருக்கவேண்டும் என்று சொல்லிப் போனார். அவர் தலை மறைந்ததும் சுப்புலக்ஷ்மி என்னைப் பிடித்துக்கொண்டாள். "இன்னொரு பொய் சொன்னேள்னா நானே ஆபீசுக்குப் போய் எல்லாத்தையும் சொல்லிடுவேன்." நான் எங்கே பொய் சொன்னேன் என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். அறைக்குள்ளே கட்டில் 'கிரிச்' என்றது. காற்றுதான். சிரிப்பு நின்றுபோயிற்று.

அண்ணா, அந்த நாளைக்குள் உங்கள் கையெழுத்து வராவிட்டால் இது மோசடியாகிவிடும். பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அழகியநம்பி சுவாமி சாவியைக் கேட்பார். பதினொரு பேரும் அவரவர் வீட்டு மூலைக்குத் திரும்பிப் போவார்கள். மாடம்மாளுக்கு அவள் தம்பி வீட்டில் கோழிக்கூட்டை ஒட்டின அறை. அங்கே அவளுக்கு விடிந்ததும் தெரியாது, அடைந்ததும் தெரியாது, கோழி சொல்லித்தான் தெரியும்.

கோபமென்றால் கோபமென்றாவது எழுதுங்கள்.

தாசம்மாள்


பனவிளை
8-2-1999

அன்புள்ள தாசம்மாளுக்கு மைனி நேசம்மாள் எழுதுவது. நாங்கள் சுகம் என்று எழுதவேண்டும். எழுதிவிட்டேன். உன் அண்ணன் கோயிலுக்குப் போயிருக்கிற நேரத்தில் இதை எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்தால் அவர் ரப்பர் ஷீட் காயப்போடுகிற புரைக்குள் போய் உட்கார்ந்துதான் வாசிப்பார். சிரிக்கிற சத்தம் கேட்கும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு சத்தமும் கேட்காது.

அவள் பெயரை இந்த வீட்டில் சொல்லக்கூடாது என்று அவர் சொன்னது உனக்குத் தெரியும். தொண்ணூற்றி நாலில் நீ ஜீப்பு கொண்டுவந்து அவளைக் கூட்டிப்போன அன்றைக்குச் சொன்னது. நீ கூட்டிப்போனதற்கு அவருக்கு இவ்வளவு வருத்தமில்லை, பிள்ளே. ஜீப்பில் ஏற்ற அவர் குனிந்தபோது, "இனி என்னைத் தூக்காண்டாம் அண்ணா, நான் சக்கரப் பலகையில போறேன்" என்று அவள் சொன்னாளே, அதுதான். முப்பது வருஷம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் முதுகில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோனவர். அது பாரமென்று ஒரு நாள் சொன்னதில்லை.

இப்போது ஒன்று சொல்கிறேன், யாரிடமும் சொல்லாதே. ஞாயிற்றுக்கிழமை காலையில் வேட்டி உடுத்து, வேதப்புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அவள் கிடந்த அறை வாசலுக்குப் போகிறார். முதுகை உள்பக்கம் காட்டிக் குத்தவைத்து உட்காருகிறார், அவள் ஏறிக்கொள்ள உட்காருவாரே, அப்படி. கொஞ்ச நேரம் இருந்துவிட்டு எழுந்து தனியே போகிறார். முதல் தடவை மறதியில் செய்கிறார் என்று நினைத்தேன். பதினொரு மாதமாக நடக்கிறது. அவளுடைய சக்கரப் பலகை முற்றத்தில் உருளுகிற சத்தம் விடியற்காலையில் கேட்கிறது என்கிறார். எனக்குக் கேட்கவில்லை என்று சொல்ல மனசு வரவில்லை. கேட்கிறது என்றுதான் சொல்கிறேன்.

எத்தனை நாள் காய்ச்சல் என்று அவர் கேட்டதற்கு நீ காலண்டர் என்று எழுதினாய். அதைப் படித்த அன்றைக்கு அவர் புரையிலிருந்து சாப்பிட வரவில்லை. உனக்குத் தெரிந்ததை எழுது.

அன்புள்ள மைனி


ஸ்ரீவராகம்
22-2-1999

அண்ணனுக்கு,

சுகம். இந்தக் கடிதத்தில் கேலி இல்லை, தேடவேண்டாம்.

ஐந்து நாள் காய்ச்சல். மார்ச் ஏழு சனிக்கிழமை தொடங்கியது. சாதாரணக் காய்ச்சல் என்று டாக்டர் மாத்திரை தந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை கோயில் மணி கேட்டதும் எழுந்து உட்கார்ந்து, "எக்கா, அண்ணன் வந்துட்டானா? நேரமாச்சு, தூக்கச் சொல்லு" என்றாள். நாலு வருஷமாக அவள் வாயில் வராத வார்த்தை. வருவான் என்றேன். புதன்கிழமை வரைக்கும் கேட்டாள். புதன்கிழமை வரைக்கும் வருவான் என்றேன்.

உங்கள் ஊர்க் கடையின் போன் நம்பர் என் சமையல்கட்டுச் சுவரில் கரியால் எழுதியிருக்கிறது. திங்கள்கிழமை அதைக் காகிதத்தில் எழுதி எடுத்துக்கொண்டு பூத்துக்குப் போனேன். எனக்கு முன்னால் மூன்று பேர். என் முறை வந்தது. போன்காரர் "நம்பர் பறயூ" என்றார். நான் பக்கத்துக் கடையில் இரண்டு எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் வந்தால் அவளைத் தூக்கிக்கொண்டு போவீர்கள் என்று தெரியும். அவளும் வருவாள் என்று தெரியும். அதைப் பார்த்து மற்றப் பெண்களின் வீட்டார்களும் வந்து ஒவ்வொருத்தியாகக் கூட்டிப்போய்விடுவார்கள், கூடம் நின்றுவிடும் என்று பயந்தேன். இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டது இதுதான். உண்மை இன்னும் சின்னது. 'அப்பவே சொன்னேனே' என்று நீங்கள் சொல்வதைக் கேட்க எனக்கு மனசில்லை. காய்ச்சல் விட்டதும் அவளே பலகையில் வந்து உங்கள் முன்னால் நிற்பாள், அப்போது கூப்பிடலாம் என்று இருந்தேன்.

வியாழக்கிழமை விடிகிற நேரம், அவள் உங்களைக் கேட்கவில்லை. "பலகையக் கிட்ட வை" என்றாள். வைத்தேன். அதன்மேல் கையை வைத்துக்கொண்டாள். அந்தக் கை அப்படியே இருந்தது.

அன்று சாயங்காலம் அடக்கம். கார்டை மறுநாள்தான் எழுதினேன். எழுதும்போது பன்னிரண்டு என்று தேதி போட்டேன். போட்டதும் போய்ப் பெட்டியில் போடக் கால் வரவில்லை. இன்னும் ஒரு நாள் கழித்துத்தான் போட்டேன்.

நீங்கள் வராதது உங்கள் குற்றம் என்று ஊரில் பேசினபோது நான் சும்மா இருந்தேன்.

இதை வாசித்த பிறகு நீங்கள் எழுதித் தராவிட்டால் நான் கேட்கமாட்டேன். சுப்புலக்ஷ்மியிடமும் இதையே சொல்லிவிட்டேன்.

தாசம்மாள்


பனவிளை
15-3-1999

தாசம்மாளுக்கு.

உன் கடிதம் கிடைத்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன்.

ஞானப்பூ கடைசியில் என்னைக் கேட்டாள் என்பதை நீ எழுதாமலே இருந்திருக்கலாம் என்று முதல் நாள் நினைத்தேன். இரண்டாம் நாள், நீ அதை எழுதினதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரித்தேன். இன்றைக்கு எப்படி என்று தெரியவில்லை.

உன்னை மன்னித்தேன் என்று எழுதத் தோன்றவில்லை. பிறகு பார்ப்போம்.

காகிதத்தைத் தபாலில் அனுப்பமாட்டேன். இருபத்தொன்பது திங்கள்கிழமை காலை ஏழு மணிப் பஸ்ஸில் வருகிறேன். இடத்தைக் காட்டு. பார்த்துவிட்டு எழுதுவேன்.

இருமல் இல்லை. மாப்பிள்ளைக்கு ஸ்தோத்திரம்.

சற்குணம்


ஸ்ரீவராகம்
7-4-1999

அன்புள்ள மைனிக்கு தாசம்மாள் எழுதுவது. பண்டிகை நன்றாக நடந்ததா? முட்டுவலி குறைந்து கோயிலில் எல்லாப் பாட்டுக்கும் எழுந்து நின்றீர்களா? இங்கே நாங்கள் சுகம். உங்கள் கார்டு நேற்று வந்தது. அவர் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறார், அன்றைக்கு அங்கே என்ன நடந்தது என்று ஒழுங்காக எழுது என்று கேட்டிருக்கிறீர்கள். எழுதுகிறேன்.

தம்பானூரில் அண்ணனைக் கூட்டி, ஆட்டோவில் நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் போனோம். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆட்டோக்காரன் பாவம், சண்டை போட்ட புருஷனும் பெண்டாட்டியும் என்று நினைத்து நடுவிலே இரண்டு நல்ல வார்த்தை சொன்னான். இடத்தைக் காட்டினேன். அண்ணன் பெயரை வாசித்தார். பிறகு கல்லறைக்கு முதுகைக் காட்டிக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் வேறு கல்லறைகளில் இருக்கிற பெயர்களை எழுத்துக் கூட்டிக்கொண்டு நின்றேன். வெகு நேரம் கழித்து எழுந்தார். வெறுங்கையோடு எழுகிறவர் எழுகிற மாதிரி இல்லை, மைனி. பையப் பைய, தொடையில் கையூன்றி, பாரத்தோடு எழுகிற மாதிரி எழுந்தார். வாசல்வரைக்கும் அப்படியே குனிந்துதான் நடந்தார். நான் பின்னால் நடந்தேன். முன்னால் போக எனக்குத் தைரியம் வரவில்லை.

கூடத்துக்கு வந்தபோது பதினொரு மணி. ஜெயன் சார் வந்திருந்தார். சுப்புலக்ஷ்மி எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னாள். அந்தியவாசிக் கதையையும் சொன்னாள். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கட்டிலையும் அதில் எழுதியிருந்த பெயரையும் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்லயும் ஒரு இளையம்மை உண்டு, இப்படித்தான்" என்று மட்டும் சொன்னார்.

அண்ணன் மேசையில் உட்கார்ந்து எழுதினார். மூன்று வரி. எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 'என் தங்கை ஞானப்பூ, நாற்பத்தொரு வயது, 12-3-1998 அன்று இந்தக் கூடத்தில், தன் விருப்பப்படி வசித்துவந்த இடத்தில், மரித்தாள்' என்று எழுதி, 'அடக்கம் செய்த இடத்தைக் கண்ணால் கண்டேன்' என்று சேர்த்துக் கையெழுத்து வைத்தார். 'தன் விருப்பப்படி' என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஜெயன் சார் அதை வாங்கி, மாடம்மாள் பெயரைக் குறித்துக்கொண்டு, இது போதும், மேலே நான் பேசிக்கொள்கிறேன் என்றார். உதவித்தொகை நிற்காது. மாடம்மாள் வெள்ளிக்கிழமையிலிருந்து இங்கேதான் இருக்கிறாள். படுக்கப் போகும்போது மட்டும் கட்டிலைப் பார்த்து, "கொஞ்சம் ஒதுங்கு, பிள்ளே" என்று சொல்லிவிட்டுத்தான் படுக்கிறாளாம். பதிவேட்டில் இப்போது அவள் ரேகை. சின்ன ரேகை. நான் பழைய பக்கத்தைத் திருப்பி ஒத்துப்பார்க்கவில்லை.

அண்ணன் என்னிடம் பேசினது இவ்வளவுதான்: "சோறு நல்லா இருக்கு. உப்பு கூடுதல்." எனக்கு அது போதும்.

இனி நீங்கள் கேட்டது. முகம் முழுக்கப் பச்சை நிறம் எப்படி வந்தது என்று கேட்டிருந்தீர்கள். அண்ணன் உள்ளே அந்த மூன்று வரியை எழுதிக்கொண்டிருந்த நேரத்தில், பெயின்ட்காரர் வந்து வெளியே சரிவுபாதையின் இரண்டு கைப்பிடிக்கும் பச்சை அடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். தொடக்கூடாது என்று அட்டை எழுதித்தான் மாட்டியிருந்தோம். மலையாளத்தில் எழுதியிருந்தோம். அண்ணன் இறங்கும்போது இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேலேயிருந்து கீழேவரை வந்தார். கீழே வந்ததும் நின்று, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வாசலில் பத்துப் பேர் பார்த்துக்கொண்டு நின்றோம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவர் தம்பானூர் போய் மூன்றே கால் பஸ்ஸில் ஏறினார். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கண்ணுக்குக் கிட்டத்தில் மட்டும் தேங்காயெண்ணெய் போடவும்.

உங்கள்,
தாசம்மாள்